எல்லோருக்கும் ஒரே மின்னோட்டம்

எங்கள் சந்தில் அநியாயம் நடந்துகொண்டிருந்தது என்பது, வாரியம் வந்து சொல்லும்வரை எங்களில் யாருக்கும் தெரியாது. மொத்தம் ஐந்து வீடுகள். முதல் வீட்டில் பேக்கரிக்காரர், அடுத்ததில் கணக்கு டீச்சர், நடுவீட்டில் தையல்காரரும் அவர் மனைவியும், அதற்கடுத்து புதிதாகக் கல்யாணம் ஆன ஒரு ஜோடி, கடைசியில் நான். அவரவர் வீட்டு சுவிட்சை அவரவர் போட்டு, அவரவர் அணைத்து, அடுத்த வீட்டில் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது என்று எட்டிப் பார்க்கக்கூடத் தோன்றாத மண்டூகங்களாக வாழ்ந்துகொண்டிருந்தோம்.

சந்தின் முனையில் மின் சமத்துவ வாரியம் தன் கிளை அலுவலகத்தைத் திறந்த பிறகுதான் எங்களுக்குக் கண் திறந்தது. ஒருநாள் காலை வாரியத்தின் ஆய்வாளர் வந்தார். சின்ன வயது, மடிப்புக் கலையாத சட்டை. கல்லூரியில் இயற்பியலில் தங்கப் பதக்கம் வாங்கியவராம். யாரும் கேட்காமலே சொன்னார். பதக்கத்தைச் சங்கிலியில் கோத்துச் சட்டைக்குள் போட்டிருந்தார், பேசும்போது அவ்வப்போது நெஞ்சைத் தடவிக்கொள்வார். தோல் பையில் ஓர் அம்மீட்டர். வீடு வீடாக ஏறி இறங்கி மின்னோட்டத்தை அளந்தார். அளந்து முடித்ததும் தையல்காரர் வீட்டு வாசற்படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"பேக்கரி வீட்ல பத்து ஆம்பியர். புதுசா கல்யாணம் ஆனவங்க வீட்ல ஒரே ஒரு ஆம்பியர். உங்க வீட்ல ரெண்டு. இதைக் கேட்டா உங்களுக்கு ரத்தம் கொதிக்கலையா?"

தையல்காரர் காதில் செருகியிருந்த சாக்குக்கட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் செருகிக்கொண்டார். குழம்பினால் அப்படிச் செய்வார்.

"இல்லீங்களே சார். அவருக்கு ரொட்டி அடுப்பு இருக்கு, அதனால நிறைய இழுக்குது. எனக்கு வேண்டியது எனக்கு வருது. தையல் மெஷின் ஓடுது, விளக்கு எரியுது, அவளுக்கு மூச்சு மெஷின் ஓடுது. அது போதும்."

"வேண்டியது வருதுன்னு நினைக்கிறீங்க பாருங்க, அந்த மனசைத்தான் நாங்க மாத்தணும்" என்றார் ஆய்வாளர்.

மூச்சு மெஷின் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தையல்காரர் மனைவிக்கு நுரையீரல் பாதிக்கு மேல் வேலை செய்வதில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மெஷின், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். அது ஓடினால் அந்த அம்மாள் காய் நறுக்குவார், பொத்தான் தைப்பார், சந்து முழுக்கக் கேட்கும்படி புருஷனைக் கேலி செய்வார். அது நின்றால் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குவார். அவசரத்துக்கு மூலையில் ஒரு சிலிண்டர் உண்டு. அவ்வளவுதான் அந்த வீட்டின் சொத்து, கவலை, எல்லாம்.

வாரியத் தலைவர் சந்து முனையில் மேடை போட்டுப் பேசினார். "இதுவரை உங்கள் வீடுகள் பக்க இணைப்பில் இருந்தன. பக்க இணைப்பு என்றால் என்ன? ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வழி! தனி வழி என்றால் தனி ஆசை! ஒருவனுக்குப் பத்து, ஒருவனுக்கு ஒன்று! இதோ, இன்றுமுதல் தொடர் இணைப்பு. ஒரே வழி. முதல் வீட்டில் நுழைகிற மின்னோட்டம் அதே அளவில் இரண்டாம் வீட்டுக்குள் போகும், மூன்றாம் வீட்டுக்குள் போகும், கடைசி வீடுவரை ஒரு இழை குறையாமல் போகும். உலகத்தில் எந்த நாட்டிலாவது, எந்தத் தத்துவத்திலாவது, இவ்வளவு சுத்தமான சமத்துவத்தைப் பார்த்ததுண்டா?"

நாங்கள் கை தட்டினோம். கணக்கு டீச்சர் மட்டும் கையைத் தூக்கினார்.

"சார், மின்னோட்டம் ஒண்ணா இருக்கும், சரி. வோல்ட்டேஜ் பிரிஞ்சு போயிடுமே?"

தலைவர் கோபப்படவில்லை. பெரிய மனிதர் அல்லவா, சிரித்தார். "அம்மா, வோல்ட் என்பது, எனக்கு எவ்வளவு கிடைத்தது, எனக்கு எவ்வளவு கிடைத்தது என்று தன் வீட்டை மட்டும் அளந்து பார்க்கிற குணம். அந்தக் குணத்தை வளர்க்கிற கருவி வோல்ட்மீட்டர். இந்த ஊரில் இருந்த அத்தனை வோல்ட்மீட்டர்களையும் சேகரித்து, எங்கள் அலுவலகத்தின் அடிக்கல்லுக்குக் கீழே புதைத்துவிட்டோம். இனி அந்தச் சொல்லைப் பள்ளியில் சொல்லிக்கொடுப்பவர்களும் கொஞ்சம் கவனமாக இருப்பது நல்லது." டீச்சர் கையை இறக்கினார்.

ஒவ்வொரு வீட்டுக்கும் நாற்பது ஓம் மின்தடை என்று ஒதுக்கீடு செய்தார்கள். அதற்குத் தக்கபடி யார் யார் எந்தெந்தச் சாமானைப் போட்டுவைக்க வேண்டும் என்று ஆய்வாளரே வந்து சொல்லிக்கொடுத்தார். கம்பிகள் மாற்றப்பட்டன. பேக்கரிக்காரர் வீட்டிலிருந்து வெளியே வந்த கம்பி டீச்சர் வீட்டுக்குள் போனது, அங்கிருந்து தையல்காரர் வீட்டுக்கு, இப்படியே என் வீடு வரை. தலைவர் ரிப்பன் வெட்டினார். சாயங்காலம் சுவிட்சைப் போட்டதும் ஐந்து வீட்டு விளக்குகளும் அணையப் போகும் அடுப்புக்கரி நிறத்தில் கண் திறந்தன. புதுமண ஜோடிக்கு மட்டும் பிடித்திருந்தது, அதுவும் இரண்டு நாளைக்கு.

டீச்சர் தன் வீட்டுத் தரையில் சாக்குக்கட்டியால் கணக்குப் போட்டுக் காட்டினார். கதவைச் சாத்திக்கொண்டுதான்.

"ஒரு வீட்டுக்கு நாப்பது ஓம். ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா கோத்தா கூட்டிக்கணும். அஞ்சு வீட்டுக்கு இருநூறு. வர்றது இருநூத்தி நாப்பது வோல்ட். அதை இருநூறால வகுத்தா ஒண்ணு புள்ளி ரெண்டு ஆம்பியர். எல்லா வீட்லயும் அதேதான் ஓடும், தலைவர் சொன்னது பொய் இல்ல. ஆனா அந்த ஒண்ணு புள்ளி ரெண்டை உங்க வீட்டு நாப்பதால பெருக்குங்க."

"எவ்வளவு வருது டீச்சர்?" என்றார் தையல்காரர்.

"நாப்பத்தெட்டு வோல்ட். மெஷின் ஓட இருநூத்தி நாப்பது வேணும். முன்னாடி ஒவ்வொரு வீட்டுக்கும் முழுசா வந்துட்டிருந்ததை இப்போ அஞ்சு பேரும் பங்கு போட்டுக்கிட்டோம் அண்ணே."

மறுநாள் ஆய்வாளர் வந்து அளந்தார். பேக்கரியில் ஒன்று புள்ளி இரண்டு. டீச்சர் வீட்டில் ஒன்று புள்ளி இரண்டு. என் வீட்டில் ஒன்று புள்ளி இரண்டு. அவர் கண் கலங்கியது, நிஜமாகவே கலங்கியது. தையல்காரர் அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் மெஷினைக் காட்டினார்.

"ஓடலையே சார்."

"மின்னோட்டம் வருதா?"

"வருதுன்னுதான் உங்க மீட்டர் சொல்லுது."

"மத்தவங்களுக்கு எவ்வளவு வருதோ அதே அளவு வருதா?"

"வருது சார்."

"அப்புறம் என்ன? குறை மெஷின் மேலதான். சுயநலமான மெஷின்." அம்மீட்டரைப் பையில் வைத்துக்கொண்டு அந்த அம்மாளிடம் குனிந்து, "பழகிடும்மா" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். சிலிண்டரைத் திறந்தார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். போனார்கள். ஆஸ்பத்திரியை எங்களுக்கு முன்னாலேயே மாற்றியாகிவிட்டது. அங்கே கட்டில்கள் தொடர் இணைப்பில் இருந்தன. ஒரு கட்டில்காரர் குணமாகி வீட்டுக்குப் போனால் அந்த வார்டு முழுக்க நின்றுபோகும் என்பதால், யாரையும் குணமாக்கக் கூடாது என்று டாக்டர்களுக்கு வாய்மொழி உத்தரவு. டாக்டர் நல்ல மனிதர், இன்னொரு சிலிண்டரைக் கொடுத்துப் பின்வாசல் வழியாக அனுப்பிவைத்தார்.

தொடர் இணைப்பின் இன்னொரு அருமை எங்களுக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது. ஒருநாள் மதியம் பேக்கரிக்காரர் கண் கூசுகிறதென்று எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தூங்கினார். ஐந்து வீடும் அணைந்தது. ஒரே வழி அல்லவா, ஓர் இடத்தில் அறுந்தால் எல்லா இடத்திலும் அறுந்தது. உடனே விதி வந்தது. எந்த வீட்டிலும் சுவிட்சை அணைக்கக் கூடாது, வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போகக் கூடாது, பல்பு ஃபியூஸ் ஆவது குற்றம். பேக்கரிக்காரர் வீட்டுப் பல்பு அந்த வாரமே ஃபியூஸ் ஆகித் தொலைத்தது. கருகிய பல்பைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டி, வாரியத்தின் வாசலில் அவரை நிற்கவைத்தார்கள். ரொட்டி வாங்க வந்தவர்கள் அங்கேயே வந்து ஆர்டர் சொல்லிவிட்டுப் போனார்கள். புதுப்பெண்ணின் அப்பா இறந்தபோது அவள் மட்டும் போனாள். புருஷன் விளக்குக்குக் காவலாக இருந்தான். மாமனார் சாவுக்குக்கூட வராத மாப்பிள்ளை என்று அவள் வீட்டார் இன்றுவரை அவனோடு பேசுவதில்லை.

நாங்களும் ஒன்றும் சாமானியப்பட்டவர்கள் இல்லை. டீச்சர், தையல்காரருக்கு ஓர் உபாயம் சொன்னார். வீட்டுக்குள்ளே சாமான்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. எவ்வளவு சாமான் போடுகிறோமோ அவ்வளவு வழி திறக்கும், அந்த வீட்டின் மின்தடை இறங்கும், வோல்ட்டில் அதன் பங்கும் இறங்கும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மூச்சு மெஷினை மட்டும் போட்டால் வீட்டின் மின்தடை நூற்றறுபது ஓம் ஆகும். மற்ற நான்கு வீடும் சேர்ந்தும் நூற்றறுபதுதான். ஆகவே பாதி இங்கே, பாதி அங்கே. இருட்டில் உட்கார்ந்து தையல்காரர் அப்படியே செய்தார். நூற்றிருபது வோல்ட் வந்தது. மெஷின் முக்கி முனகி ஓடியது. அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்து, "என்னங்க, உங்க மூஞ்சி தெரியாம இருக்கிறதே பாதி வியாதி குறைஞ்ச மாதிரி இருக்கு" என்றார். தையல்காரர் இருட்டில் அழுதாரா சிரித்தாரா என்று தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது.

மற்ற நான்கு வீட்டிலும் நாற்பத்தெட்டு முப்பதாகக் குறைந்தது. பேக்கரிக்காரருக்கு மூக்கில் வேர்த்தது. காரணத்தைக் கண்டுபிடித்து அவரும் ஒன்றைத் தவிர மற்ற சாமான்களை அணைத்தார். அவர் அணைத்ததைப் பார்த்து ஜோடி அணைத்தது, ஜோடியைப் பார்த்து நான் அணைத்தேன், கடைசியில் டீச்சரும் அணைத்தார். ஐந்து வீடும் நூற்றறுபது ஓம் ஆனது. இருநூற்று நாற்பதை ஐந்தாகப் பங்கு போட்டால் மறுபடியும் அதே நாற்பத்தெட்டு. முன்பு மங்கிய வெளிச்சத்தில் ஐந்தாறு சாமான் இருந்தது, இப்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரே ஒரு மங்கிய சாமான். நடு வீட்டில் மெஷின் நின்றது. அடுத்த நாள் வாரியம் மின்தடையை உயர்த்துவதைத் தேசத்துரோகமாக அறிவித்து, நாற்பது ஓமுக்கு எல்லோரையும் இறக்கியது.

தையல்காரர் தலைவரைப் பார்க்கப் போனார். துணைக்கு நானும் போனேன். அலுவலகத்துக்குள் காலடி வைத்ததும் கண் கூசியது. கூரை முழுக்க விளக்கு, மேஜைக்கு மேஜை மின்விசிறி, சுவரில் குளிர்சாதனம், தண்ணீரைச் சூடாக்க ஒன்று, குளிரவைக்க ஒன்று.

"இங்க தொடர் இணைப்பு இல்லீங்களா?" என்று தையல்காரர் அப்பாவியாகக் கேட்டார்.

"நிர்வாகக் காரணங்களுக்காக இங்கே பக்க இணைப்பு" என்றார் தலைவர். "சமத்துவத்தை மேற்பார்வை பார்க்க வெளிச்சம் வேண்டுமல்லவா?"

"ஐயா, என் வீட்டுக்கும் அப்படி ஒண்ணு கொடுங்க. அவளுக்கு மூச்சு நிக்குது ஐயா. சிலிண்டர் தீர்ந்துட்டே வருது."

தலைவர் வெகுநேரம் யோசித்தார். அவர் முகம் இளகியது. அந்த இளக்கத்தைப் பார்த்து நான்கூட நம்பிவிட்டேன். "உங்கள் துயரத்தில் நான் பங்கெடுக்கவில்லை என்று நினைக்கிறீர்கள். புரிகிறது. தவறு என்னுடையது. நாளையே நானும் உங்களோடு தொடரில் சேர்கிறேன்" என்றார்.

சேர்ந்தார். அலுவலக வாயில் தூணில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு பல்பு. அந்த ஒரு பல்பு மட்டும் எங்கள் ஐந்து வீட்டோடு தொடரில் இணைக்கப்பட்டது. சுவிட்சைப் போட்டதும் பல்பு பளீரென்று எரிந்தது, கூட்டம் ஆரவாரம் செய்தது. சந்துக்குள் திரும்பிப் பார்த்தோம். எங்கள் வீடுகளில் விளக்கு எரிகிறதா என்று கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும் என்ற நிலை. டீச்சரின் தரையில் புதுக் கணக்கு ஏறியது. பல்பு ஆயிரம் ஓம். எங்கள் இருநூறோடு கூட்டினால் ஆயிரத்து இருநூறு. மின்னோட்டம் பூஜ்யம் புள்ளி இரண்டு ஆம்பியர். ஒரு வீட்டுக்கு எட்டு வோல்ட். தலைவரின் பங்கெடுப்புக்கு இருநூறு வோல்ட்.

மேடையில் தலைவர் தழுதழுத்தார். "பாருங்கள்! உங்கள் வீட்டில் ஓடுகிற அதே மின்னோட்டம்தான் என் விளக்கிலும் ஓடுகிறது. ஆய்வாளர் இப்போதே அளந்து காட்டுவார். அதே அளவை வைத்துக்கொண்டு என் விளக்கு எப்படிப் பிரகாசிக்கிறது! உங்கள் விளக்குகள் ஏன் பிரகாசிக்கவில்லை? யோசியுங்கள். உழைப்பு இல்லை, ஒழுக்கம் இல்லை. மின்னோட்டத்தின் மேல் பழி போடாதீர்கள்."

அளந்து காட்டினார்கள். பூஜ்யம் புள்ளி இரண்டு, எல்லா இடத்திலும். எங்களுக்கு எங்கள் ஒழுக்கத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. பேக்கரிக்காரர் மின் அடுப்பை விட்டுவிட்டு விறகு அடுப்புக்குப் போனார். தையல்காரர் காலால் மிதிக்கும் பழைய மெஷினைத் தூசி தட்டி எடுத்தார். மூச்சு மெஷினுக்கு மிதிக்கிற கட்டை கிடையாது. சிலிண்டரைக் கொஞ்சமாகத் திறப்பதும், அந்த அம்மாள் தூங்கியதும் மூடுவதும், நீலம் பாய்ந்தால் மறுபடி திறப்பதுமாகப் பொழுது போனது. மனைவியின் மூச்சைக் கஞ்சத்தனமாக அளந்து கொடுக்கிற வேலை எந்தப் புருஷனுக்கும் வரக் கூடாது. பார்த்த எனக்கே இன்னும் ஆறவில்லை.

அந்த நேரத்தில்தான், எங்கள் சந்தின் சமத்துவத்தைக் கேள்விப்பட்டு வெளியூரிலிருந்து பிரதிநிதிகள் வருவதாகச் செய்தி வந்தது. வாரியத்தின் வாசல் பல்பைப் பார்த்துவிட்டு, அதேபோல் தங்கள் ஊரிலும் வைப்பார்களாம். அன்று காலை ஆய்வாளர் ஓட்டமும் நடையுமாகத் தையல்காரர் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, நல்ல செய்தி. உங்க வீட்டுக்குத் தனிப் பக்க இணைப்பு. தலைவர் ஒத்துக்கிட்டார். வர்றவங்க யாராவது வீட்டுக்குள்ள வந்து அக்காவைப் பார்த்துட்டா நல்லா இருக்காதுன்னு நினைக்கிறார்."

தையல்காரர் அவர் காலில் விழப் போனார். ஆய்வாளர் தடுத்தார். வேலையாள் வந்து நடு வீட்டைத் தொடரிலிருந்து கழற்றினான். சுவரில் இரண்டு கம்பி முனைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. பக்க இணைப்புக்கான கம்பி எடுத்துவர வேலையாள் கிடங்குக்குப் போனான். போன பிறகுதான், சந்து முழுக்கவும் வாசல் பல்பும் அணைந்து கிடப்பதை ஆய்வாளர் பார்த்தார். அதே நேரத்தில் தெருமுனையில் கார்கள் திரும்பின.

"அந்த ரெண்டு முனையையும் சேர்த்து முறுக்கி விடுங்க சார், பல்பு எரியும்" என்றார் டீச்சர்.

"எப்படிம்மா முடியும்? கம்பியை மட்டும் முறுக்கினா இந்த வீட்டோட மின்தடை சுழியம். எல்லாரும் நாப்பது சுமக்கும்போது ஒரு வீடு மட்டும் சுழியம் சுமந்தா அது என்ன சமத்துவம்? விதியில தெளிவா இருக்கு. வீட்டுச் சாமான் இல்லாத நேரத்துல குடும்பத் தலைவர் தன் ரெண்டு கையாலயும் ரெண்டு முனையைப் பிடிச்சுத் தொடரைக் காப்பாத்தணும். ஒரு குடும்பத் தலைவருக்கு நாப்பது ஓம்னு வாரியம் நிர்ணயம் பண்ணியிருக்கு."

"மனுஷ உடம்பு நாப்பது ஓம் இல்ல சார்! ஆயிரக்கணக்குல இருக்கும். இருக்கிறதுலயே பெரிய தடை அவராத்தான் இருப்பார், வோல்ட் அத்தனையும் அவர்மேலதான் இறங்கும்!"

"டீச்சர், எந்த வார்த்தை சொன்னீங்கன்னு கவனிச்சீங்களா? உங்க வேலைக்கு நான் உத்தரவாதம் இல்ல." பிறகு தையல்காரர் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்துக்கொண்டார். "பயப்படாதீங்க அண்ணே. தலைவர் பல்புல என்ன ஓடுதோ அதேதான் உங்க உடம்புலயும் ஓடும். பல்பு என்ன செத்தா போகுது? சிரிச்சிக்கிட்டு எரியுது. அவங்க பார்த்துட்டுப் போறவரைக்கும் பிடிச்சா போதும், உடனே பக்க இணைப்பு. இல்லேன்னா தலைவர் மனசு மாறிடும்."

"அண்ணே, பிடிக்காதீங்க" என்றார் டீச்சர். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

தையல்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டிலில் அந்த அம்மாள் சிலிண்டரின் கடைசிக் காற்றில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். காதிலிருந்த சாக்குக்கட்டியை எடுத்துப் பார்த்தார், மறுபடியும் செருகினார். கை வேர்த்திருந்ததால் வேட்டியில் துடைத்துக்கொண்டார். "நல்லா துடைங்க, கம்பி அழுக்காயிடும்" என்றார் ஆய்வாளர்.

பிடித்தார்.

வாசல் பல்பு எரிந்தது. பளீரென்று அல்ல, மங்கலான சிவப்பாக. கார்களிலிருந்து இறங்கிய பிரதிநிதிகள் அந்தச் சிவப்பு ஏதோ கொள்கையின் அடையாளம் போலும் என்று நினைத்துக் கை தட்டினார்கள். தலைவர் சமாளித்துக்கொண்டு, ஆமாம், அது தியாகத்தின் நிறம் என்றார். நடு வீட்டில் தையல்காரர் கத்தக்கூட இல்லை. அவர் பல் கிட்டித்துப்போய், கை கம்பியை இறுக்கிக்கொண்டு, உடம்பு முழுக்க விறைத்துத் துடித்தது. விடவேண்டும் என்று அவர் நினைத்திருந்தாலும் கை விட்டிருக்காது. பேக்கரிக்காரர் அடுப்பிலிருந்து ரொட்டி எடுக்கும் நீளமான மரத் துடுப்போடு ஓடிவந்து கம்பியை அடித்துத் தள்ளினார். வாசல் பல்பு அணைந்தது. விருந்தினர் முன்னிலையில் தொடரை அறுத்த குற்றத்துக்காகப் பேக்கரிக்காரரை அங்கேயே பிடித்துக்கொண்டு போனார்கள். தையல்காரர் தரையில் கிடந்தார். காதில் சாக்குக்கட்டி அப்படியே இருந்தது.

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், ஆய்வாளர் தன் கடமையிலிருந்து தவறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓடிப்போய் வாசல் பல்பில் அம்மீட்டரை வைத்து அளந்திருந்தார்.

மறுநாள் அந்த ஆஸ்பத்திரி டாக்டர் பின்வாசல் வழியாக ஒரு சிலிண்டர் அனுப்பினார். அந்த அம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நானும் டீச்சரும் பக்கத்தில் இருந்தோம். புருஷனைத் தூக்கிக்கொண்டு போய் முடித்துவிட்டு வந்திருந்தோம். அந்த அம்மாளால் அழ முடியவில்லை. அழுவதற்கு மூச்சு வேண்டும். அப்போது ஆய்வாளர் வந்தார். வாசலிலேயே நின்று, பதக்கத்தை ஒருமுறை தடவிக்கொண்டு, வாரியத்தின் விசாரணை முடிவைப் படித்தார்.

"சம்பவ நேரத்தில் தையல்காரரின் உடலில் பாய்ந்த மின்னோட்டம் 0.05 ஆம்பியர். அதே நேரத்தில் தலைவர் அவர்களின் விளக்கில் பாய்ந்த மின்னோட்டம் 0.05 ஆம்பியர். வேறுபாடு ஏதுமில்லை. ஆகவே அநீதி ஏதும் நிகழவில்லை. வழக்கமான 0.2 ஆம்பியர் இந்த அளவுக்குக் குறைந்து விருந்தினர்முன் விளக்கு மங்கியதற்கு, காலஞ்சென்றவரின் ஒத்துழைப்பின்மையே காரணம்."

படித்து மடித்து வைத்துக்கொண்டார். பிறகு உள்ளே வந்து, மூலையில் கிடந்த நாற்காலியை எடுத்துத் துடைத்து, கம்பி முனைகளுக்குப் பக்கத்தில் போட்டார்.

"அம்மா, பக்க இணைப்பு அவர் பேர்ல வந்தது. அவர் இல்லாததால அது ரத்தாயிடுச்சு. இப்போ குடும்பத் தலைவர் நீங்கதான். நேத்துலருந்து தொடர் அறுந்து கிடக்கு, தலைவர் பல்பு எரியாம ஊரே கேக்குது. கிடங்குலருந்து சாமான் வர்றவரைக்கும் கொஞ்சம் பிடிச்சுக்கணும். நிக்க முடியாதவங்க உக்காந்தே பிடிக்கலாம்னு தலைவர் சலுகை கொடுத்திருக்கார்."

டீச்சர் எழுந்தார். அந்த அம்மாள் கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார். பிறகு ஆய்வாளரைப் பார்த்துக் கேட்டார். ஒவ்வொரு வார்த்தைக்கும் சிலிண்டர் உஸ்ஸென்றது.

"அவர் கையில… எவ்வளவு… ஓடிச்சு?"

"பாயிண்ட் ஜீரோ ஃபைவ்மா."

"தலைவர்… பல்புல?"

"அதேதாம்மா. பாயிண்ட் ஜீரோ ஃபைவ். ஒரு துளி வித்தியாசம் கிடையாது. அதுதான் இந்த ஏற்பாட்டோட அழகே."

"அப்போ… யார் பிடிச்சாலும்… ஒண்ணுதான்."

"ஒண்ணேதாம்மா!" அவர் முகம் மலர்ந்தது. ஒருவழியாக இந்தச் சந்தில் ஒருவருக்குப் புரிந்துவிட்டது என்ற சந்தோஷம் அதில் தெரிந்தது.

அந்த அம்மாள் நாற்காலியைக் காட்டினார்.

"அப்போ… தலைவரை… வரச் சொல்லுங்க. உக்காந்தே… பிடிக்கட்டும்."

ஆய்வாளரின் முகத்தில் இருந்த மலர்ச்சி அப்படியே வடிந்தது. கை தானாகப் போய்ப் பதக்கத்தைப் பிடித்துக்கொண்டது.

"ஐயோ, என்னம்மா பேசுறீங்க!" என்று பதறினார். "கையில பிடிச்சா அந்த ரெண்டு முனைக்கும் நடுவுல நூத்தி எண்பத்திரண்டு வோல்ட் இருக்கும்மா. தலைவர் செத்துப்போயிடுவார்."